பேத்தை இல்லை என்றவர்

தன் அறைக் கதவைத் தானே தட்டிவிட்டு உள்ளே போகிறவர் என்று என் ஆயுளில் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். அறைக்குள் யாரும் இருக்கமாட்டார்கள். சாவி அவரிடம்தான் இருக்கும். இருந்தாலும் பூட்டைத் திறந்து, விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டி, ஒரு மூச்சு நேரம் நின்ற பிறகுதான் கதவைத் தள்ளுவார்.

"உள்ள யாரு சார் இருக்கப் போறாங்க?" என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்டேன்.

"யாரும் இல்லேன்னு நமக்கு எப்படித் தெரியும்?" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

மைசூரில் ஒரு கல்லூரியின் விலங்கியல் காட்சிசாலை அது. யுத்தத்துக்கு முந்தைய வருஷங்கள். ஜாடிகளில் ஊறும் மீன்களுக்கும் பாம்புகளுக்கும் அவர் பொறுப்பாளர். நான் அவற்றைப் பார்த்துப் படம் வரைகிறவள். அப்பா ரயில்வே உத்தியோகத்தில் மாற்றலாகி மைசூருக்கு வந்தவர். கல்யாணமான ஒரே வருஷத்தில் பிறந்த வீட்டுக்குத் திரும்பிவிட்ட எனக்கு, வெளியே போய் உட்கார ஒரு நாற்காலி கிடைத்ததே பெரிய காரியம். அந்த நாற்காலி என்றைக்கு வேண்டுமானாலும் போகலாம் என்பது எனக்குத் தெரியும். அதனால் அவருடைய பயங்களைப் பார்த்து மற்றவர்கள் சிரித்ததுபோல என்னால் சிரிக்க முடிந்ததில்லை.

அவருக்குப் பல்லி பயம், இடி பயம். பியூன் நீளக் கவர் கொண்டுவந்தால் என்னிடம் நீட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். "நீங்கோ படிச்சுடுங்கோ அம்மா. கெட்ட சேதின்னா மெதுவாச் சொல்லுங்கோ." பேராசிரியர் வராந்தாவில் இருமினால் கையிலிருக்கும் இடுக்கியைக் கீழே வைத்துவிடுவார். அக்ரஹாரத்தில் குடியிருந்த வைஷ்ணவக் குடும்பம். மாலையில் கொல்லைப்புறமாகப் போய்க் கிணற்றடியில் குளித்த பிறகுதான் வீட்டுக்குள் நுழைவார். தெருவில் யாராவது உத்தியோகத்தைப் பற்றிக் கேட்டுவிடுவார்களோ என்று கடைத்தெருவைத் தவிர்த்துச் சுற்றுவழியில் நடப்பார்.

ஆனால் எல்லாவற்றையும்விட அவர் பயந்தது, ஒரு மீனுக்குப் பெயர் எழுதுவதற்கு.

கடல் எங்கோ மலைக்கு அப்பால் இருந்தது. மங்களூர்ப் பக்கத்திலிருந்து பீப்பாய்களில் சாராயத்தில் ஊறிக்கொண்டு மீன்கள் வரும். அவர் ஒவ்வொன்றையும் தட்டில் கிடத்தி, முள்ளை எண்ணி, பல்லை எண்ணி, செவுளைத் தூக்கிப் பார்த்து, மூன்று தடிப் புத்தகங்களைப் புரட்டி, கடைசியில் பென்சிலால் ஒரு பெயரை எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுவார். அலமாரி அலமாரியாகக் கேள்விக்குறிகள். "இது காட்சிசாலையா, பரீட்சைத் தாளா?" என்று பேராசிரியர் ஒருமுறை கத்தினார். ஏதோ பெரிய மனிதர் பார்வையிட வருகிற சமயம். அன்று முழுக்க இவர் ரப்பரை வைத்துக்கொண்டு கேள்விக்குறிகளை அழித்தார். வந்தவர் போன மறுநாள் காலையில் பார்த்தால் எல்லாம் பழையபடி இருந்தன. ஒவ்வொன்றாகத் திரும்ப எழுதியிருந்தார்.

அழிக்கும்போது ஒரே ஒரு ஜாடியின் கேள்விக்குறியை மட்டும் அவர் தொடவில்லை. உள்ளங்கை அகலத்தில் தட்டையான சாம்பல் நிற மீன். முதுகில், கண்ணுக்கு மேலே, ஆணி அடித்தாற்போல ஒற்றை முள். நான் அதை வரையத் தொடங்கிய அன்று, காய்ந்த தோல் துண்டு ஒன்றை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

"தடவிப் பாருங்கோ."

தச்சனின் அரம்போல இருந்தது. செதில் என்று தனியாக ஒன்றும் தெரியவில்லை. தோல் முழுக்க நுண்ணிய முட்கள். கரையில் இதை வைத்து மரத்தை வழவழப்பாகத் தேய்ப்பார்களாம். இங்கிலீஷிலும் அரமீன் என்றுதான் பெயர் என்றார்.

"இத எங்க சார் சேக்கறது?"

அந்தக் கேள்விக்கு அரைநாள் பதில் சொன்னார். கடலில் ஒரு பெரிய வம்சம் இருக்கிறது. மேல்தாடை எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போன, வாய் சிறுத்த மீன்களின் வம்சம். கிளாத்தி, அரமீன், பெட்டிபோல் ஓடு மூடிய மீன், உடம்பை ஊதிப் பந்தாகும் பேத்தை எல்லாம் அதில் அடக்கம். பழைய புத்தகம் கிளாத்தியையும் அரமீனையும் ஒரே குடித்தனமாக வைத்தது. புதிய புத்தகம், கிளாத்திக்கு முதுகில் மூன்று முள், அரமீனுக்குக் கணக்கில் வருவது ஒன்றுதான் என்று சொல்லித் தனிக்குடித்தனம் வைத்தது. பேத்தை இந்த இரண்டுக்கும் தூரத்துப் பங்காளி. அதன் ஈரலிலும் சினையிலும் விஷம்.

"பங்காளிகள்லே யார்கிட்ட விஷம் இருக்கு, யார்கிட்ட இல்லேன்னு மூஞ்சியப் பார்த்துச் சொல்லிட முடியுமோ?" என்றார். அப்போது அவர் குரல் ஒரு மாதிரி இருந்தது. மீனைப் பற்றித்தான் பேசுகிறார் என்று நினைத்தேன்.

ஒரு திங்கட்கிழமை முற்பகல் போலீஸ் இன்ஸ்பெக்டர் ஒருவர் மூங்கில் கூடையோடு வந்தார். கூடையில் கருவாடு. எல்லாம் தலை வெட்டிக் காயவைத்தவை. கருத்துச் சுருங்கி, பார்த்தால் செருப்பு வார்போல இருந்தன.

நடந்தது இதுதான். நகரத்துப் பெரிய அதிகாரி ஒருவருடைய வண்டிக்காரர் சந்தையில் கருவாடு வாங்கினார். வீட்டில் குழம்பு வைத்துச் சாப்பிட்டார்கள். வாந்தியும் வயிற்றுவலியும் கண்டு மறுநாளே அவர் செத்துப்போனார். மனைவி பிழைப்பாளா என்பது தெரியவில்லை. விற்றவள் மாதம்மா என்கிற ராமாபுரத்துக்காரி, தமிழ் பேசுகிறவள். பிடித்து அடைத்துவிட்டார்கள். அவளுக்குச் சரக்குக் கொடுத்த வியாபாரி கைகழுவிவிட்டான். "பேத்தைய எருவுக்குன்னு தனியா ஒதுக்கி வெச்சிருந்தேன். எருவுக்குக் கேட்டு வாங்கிட்டுப் போயித் திங்கறதுக்கு வித்துட்டா" என்பது அவன் வாக்குமூலம். தின்கிற மீன் என்று சொல்லித்தான் அவன் கொடுத்தான் என்று அவள் அழுதாள். தலையில்லாத மீனைப் பார்த்து யார் சொல்வது உண்மை என்று சொல்ல ஊரில் ஒருவரும் இல்லை.

"பேத்தைதானே சுவாமி? ஒரு வரி எழுதிக் கொடுங்கள், போதும்" என்றார் இன்ஸ்பெக்டர் கன்னடத்தில்.

இவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "எட்டு நாள் வேணும்."

"நாளை மறுநாள் காலையில் வருவேன்."

அவர் போனதும் பேராசிரியர் எங்கள் இருவரையும் கூப்பிட்டனுப்பினார். அந்த அதிகாரி கல்லூரிக்கு வேண்டியவர், போலீஸ் முடிவுக்கு வந்துவிட்ட விஷயத்தில் நாம் புகுந்து குழப்பக்கூடாது, பேத்தை என்று எழுதினால் யாருக்கும் தொல்லை இல்லை என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, படம் வரைகிற வேலை தற்காலிகமானது என்பது நினைவிருக்கிறதா என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார்.

வராந்தாவில் நடக்கும்போது நான் சொன்னதை மறைக்க விரும்பவில்லை. "சார், அவங்க கேக்கறாப்பல எழுதிக் குடுத்துடுங்களேன். நமக்கெதுக்கு?"

அவர் நின்றுவிட்டார். "நீங்களா இதைச் சொல்றேள்?" கோபமாகச் சொல்லவில்லை. இருட்டில் பக்கத்தில் ஆள் இருப்பதாக நினைத்துக் கை நீட்டியவனுக்கு வெறும் காற்று தட்டுப்பட்டால் எப்படிக் கேட்பான், அப்படிக் கேட்டார். அந்தக் குரலை இன்றும் என்னால் தாங்க முடிவதில்லை.

கருவாட்டை எனாமல் தட்டில் தண்ணீர் விட்டு ஊறவைத்தார். தலை இருந்தால் பல்லைப் பார்க்கலாம். பேத்தைக்கு நான்கே பல், கிளிமூக்குபோல. முதுகு முள்ளும் தலையோடு போய்விட்டது. தோல் சொரசொரவென்றிருந்தது; ஆனால் பேத்தைகளிலும் முள் தோல் உள்ளவை உண்டு. மறுநாள் காலையிலிருந்து ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு மீனாக வயிற்றுப் பக்கத்தை விரலால் அழுத்திக்கொண்டே போனார். தோல் உரசி விரல் நுனிகளில் ரத்தம் கசிந்தது. துடைத்துக்கொண்டு மறுபடி அழுத்தினார். சாப்பிடப் போகவில்லை.

பிற்பகலில் திடீரென்று கை நின்றது.

"அம்மா, லென்ஸைக் கொண்டாங்கோ."

ஊசியால் மெல்லப் பிரித்துக் காட்டினார். வயிற்றின் அடியில் நீளமாக ஓர் எலும்பு. அதன் முனையில், தோலுக்கு வெளியே துருத்திக்கொண்டு, கடுகளவு சொரசொரப்பான ஒரு குமிழ்.

"இடுப்பெலும்பு" என்றார். "பேத்தைக்கு இடுப்பெலும்பே கிடையாது. இதுக்கு இருக்கு. அந்த முனைக் குமிழும் இருக்கு. இது அரமீன்."

எனக்குச் சந்தோஷத்தில் கத்தவேண்டும்போல இருந்தது. அவரோ தரையில் உட்கார்ந்து முழங்காலுக்குள் கைகளைச் செருகிக்கொண்டார்.

"என்ன சார்?"

"தெரியாம இருந்தவரைக்கும் தெரியாதுன்னு சொல்லித் தப்பிச்சிருக்கலாம். இனிமே முடியாதே."

மீதிக் கருவாடுகளிலும் அதே எலும்பு இருந்தது. அந்தி வரைக்கும் நான் வரைந்தேன். எலும்பின் நீளம், குமிழின் முட்கள், எல்லாம். அவர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு கோடாகச் சரிபார்த்தார். நாற்காலியைப் பற்றி நான் அன்று நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். கோடு கோடாக நினைத்துக்கொண்டேதான் வரைந்தேன்.

மறுநாள் வந்த இன்ஸ்பெக்டரிடம் பேத்தை இல்லை என்றே எழுதிக் கொடுத்தார்; சாட்சி சொல்லக் கோர்ட்டுக்குக் கூப்பிட்டார்கள். விசாரணை நாளன்று கோர்ட்டு வளாகத்து மரத்தடியில் வாந்தி எடுத்தார். செம்புத் தண்ணீர் கொடுத்தேன். "நான் உள்ளே போகல்லே அம்மா. நீங்கோ படத்தைக் கொடுத்துடுங்கோ" என்றார். பெயரைக் கூப்பிட்டதும் அவரே முன்னால் நடந்தார்.

மாதம்மா கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றாள். நாற்பது வயதிருக்கும். கறுத்து, திடமான உடம்பு. இவரை ஒரு தெய்வத்தைப் பார்ப்பதுபோலவும் ஒரு கசாப்புக்காரனைப் பார்ப்பதுபோலவும் மாறி மாறிப் பார்த்தாள்.

அரசுத் தரப்பு வக்கீல் கெட்டிக்காரர். அரமீனும் பேத்தையும் ஒரே வம்சம்தானே என்று கேட்டார்.

"ஆமாம்."

"அப்படியானால் இதிலும் விஷம் இருக்கலாம்?"

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"இருக்கலாம்" என்றார். "அரமீன்லே சிலதுல விஷம் உண்டுன்னு எழுதியிருக்கா. இதுல இருக்கா, இல்லையான்னு எனக்குத் தெரியாது. பேத்தை இல்லேன்னு மட்டும் தெரியும்."

மாதம்மா தலையில் கைவைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். வக்கீல் புன்னகை செய்தார். போகிற போக்கில் கேட்பதுபோலக் கடைசியாக ஒன்று கேட்டார். இதற்கு முன்னால் நீங்கள் ஒரு மீனைத் தவறாகச் சொன்னது உண்டா?

யாருக்கும் தெரியாத விஷயம். இல்லை என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அவர் கைகள் கம்பியைப் பிடிப்பதும் விடுவதுமாக இருந்தன.

"உண்டு."

கன்னடத்தில் ஆரம்பித்தவர் பாதியில் தமிழுக்கு வந்துவிட்டார். அது அவருக்கே தெரியவில்லை. "படிப்பு முடிஞ்ச புதுசு. மீன் சேகரிக்கக் கடற்கரைக்குப் போயிருந்தேன். ஒரு படகுக்காரன் பேத்தை ஒண்ணைக் கொண்டுவந்து காட்டி, இது திங்கற ஜாதியான்னு கேட்டான். பேத்தையிலயும் திங்கற ஜாதி ஒண்ணு உண்டுன்னு புஸ்தகத்துல பார்த்திருந்தேன். அதுதான் இதுன்னு நெனைச்சேன். திங்கலாம்னு சொன்னேன். அது வேற ஜாதி. அவன் பொண்ணு போயிட்டா. எட்டு வயசு. அவன் என்னைத் திட்டக்கூட இல்லே. படிச்சவர் சொன்னாரேன்னுதான் அழுதான்."

மாஜிஸ்ட்ரேட் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"அப்படியென்றால் இன்றைக்குச் சொல்வதும் தவறாக இருக்கலாமே?" என்றார் வக்கீல். அவர் குரலும் தணிந்திருந்தது.

"இருக்கலாம். அதுக்காகத்தான் எலும்பையே கொண்டுவந்திருக்கேன். ஒரு பேத்தையையும் ஜாடியிலே கொண்டுவந்திருக்கேன். என் வார்த்தையை நம்ப வேண்டாம். ரெண்டையும் தொட்டுப் பாருங்கோ."

மாஜிஸ்ட்ரேட் மேஜைமேல் தட்டை வைக்கச் சொன்னார். என் படத்தைப் பக்கத்தில் விரித்துக்கொண்டு, சட்டைக் கையை மடக்கிவிட்டு, முதலில் கருவாட்டின் வயிற்றையும் பிறகு பேத்தையின் வயிற்றையும் தடவினார். மறுபடி கருவாட்டைத் தடவினார். குமிழ் குத்தியிருக்க வேண்டும். விரலை எடுத்துப் பார்த்துக்கொண்டார்.

எருவுக்கு ஒதுக்கிய பேத்தை என்கிற வியாபாரியின் கதை அங்கேயே விழுந்துவிட்டது. மாதம்மாவை விடுவித்தார்கள். வண்டிக்காரரின் மனைவி பிழைத்துக்கொண்டாள். வண்டிக்காரர் எதனால் செத்தார் என்பது கடைசிவரை தெரியவில்லை. ஈயம் பூசாத செம்புப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்ததால் இருக்கலாம் என்று டாக்டர் ஒருவர் சொன்னார். இருக்கலாம்.

வெளியே படியில் மாதம்மா ஓடிவந்து இவர் காலில் விழப்போனாள். இவர் பயந்துபோய் இரண்டு படி கீழே இறங்கிவிட்டார்.

"சாமி, எம் புள்ளைக்கு என்னையத் திருப்பிக் குடுத்தீங்க. நல்லா இருக்கோணும்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அப்ப இந்த மீன நான் இனிமே விக்கலாமுங்களா?"

அவர் முகம் வெளுத்துப்போயிற்று. கோர்ட்டில் யாரும் கேட்காத கேள்வி. கடற்கரையில் படகுக்காரன் கேட்ட அதே கேள்வி.

"வேண்டாம்மா. விக்காதே."

"ஏனுங்க? வெசமில்லீன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?"

"நான் அப்படிச் சொல்லல்லே. பேத்தை இல்லேன்னுதான் சொன்னேன்."

"அதென்னங்க பேச்சு?" அவள் குரல் உயர்ந்தது. "மீனு தெரிஞ்சவரு நீங்க. உங்களுக்கே தெரியலீன்னா நான் எதை நம்பிக் கூடையத் தூக்கறது? ஊருல பொழப்புப் போச்சு. சந்தையில எவனும் எங்கிட்ட வாங்கமாட்டான். வந்து பாத்துச் சொல்லுங்க. எது வேணும், எது வேண்டாமுன்னு நீங்களே வந்து சொல்லுங்க!"

அவர் குடையை விரித்துக்கொண்டு வேகமாக நடந்தார். வெயிலும் இல்லை, மழையும் இல்லை.

அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து நான் வரவேண்டாம் என்று பேராசிரியர் எழுதியனுப்பினார். அந்தக் கவரையும் இவர்தான் என்னிடம் கொண்டுவந்து தந்தார். இந்த முறை அவரே பிரித்துப் படித்திருந்தார். "கெட்ட சேதி" என்றார் மெதுவாக. என்னோடு தெரு முனைவரை நடந்து வந்தார். அவர் வேலை மட்டும் தப்பியது. அது அவருக்கு வெட்கமாக இருந்தது என்பது நடையில் தெரிந்தது. பிரியும் இடத்தில் நின்று, "ஞாயித்துக்கிழமை காலம்பர உங்களுக்கு வேலை ஏதும் உண்டோ?" என்று கேட்டார். "தனியாப் போகப் பயமா இருக்கு."

நானும் அவரும் சந்தைக்குப் போனோம். மூக்கை அங்கவஸ்திரத்தால் பொத்திக்கொண்டு வாசலிலேயே வெகுநேரம் நின்றார். தெரிந்த முகம் ஏதாவது வந்துவிடப்போகிறதே என்று கண்கள் அலைந்தன. கருவாட்டுக் கடைகள் கடைசி வரிசையில் இருந்தன. அங்கே எல்லோர் கடையிலும் ஆட்கள் நின்றார்கள். மாதம்மாவின் சாக்குக்கு முன்னால் மட்டும் யாரும் இல்லை. எங்களைப் பார்த்து அவள் எழுந்திருக்கவில்லை. கூடையை மட்டும் எங்கள் பக்கம் நகர்த்தினாள்.

அவர் கச்சத்தை இழுத்துச் செருகிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பக்கத்துக் கடைக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பூணூல் தெரிய ஒருவர் கருவாட்டுக் கூடைக்குள் கைவிட்டால் பார்க்கத்தானே செய்வார்கள். ஒவ்வொன்றாக எடுத்தார். வயிற்றைத் தடவி, வாலைத் திருப்பி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக் கீழே வைத்தார். வாளை, நெத்திலி, சாளை. எல்லாம் ஒரு பக்கம் சேர்ந்தன. இரண்டை மட்டும் தனியாக ஒதுக்கினார்.

"இது என்ன மீனுங்க?" என்றாள் மாதம்மா.

"தெரியல்லேம்மா."

"பின்ன ஏனுங்க ஒதுக்கறீங்க?"

"தெரியாததனாலதான்."

அவள் அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். அந்த இரண்டையும் எடுத்துத் தனக்குப் பின்னால் எறிந்தாள். பிறகு சாக்கின் அடியிலிருந்து இன்னொரு அள்ளு அள்ளி அவர் முன்னால் போட்டாள்.

"அப்ப இதையும் பாருங்க சாமி" என்றாள்.